மழைக்காலக் காய்ச்சல்: பிள்ளைக்கு ஃப்ளூ மருந்து கொடுக்கலாமா?

நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ஃப்ளூ காய்ச்சல் தென்மேற்குப் பருவமழையோடு வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் காலம். தமிழ்நாட்டின் கணக்கு வேறு. இங்கே வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை ஏறும். அதற்கும் கட்டுப்படாத ஆண்டுகள் உண்டு. 2022 செப்டம்பரில் பிள்ளைகளிடையே காய்ச்சல் பெருகியபோது புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டது. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது, அந்த மாதம் 10ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம்கள் நடந்தன.

பெற்றோர் இருவரும் ஷிப்டுக்குப் போகும் பனியன் ஊரில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டின் கணக்கே மாறிவிடுகிறது. திருப்பூர், பல்லடம், அவிநாசி பக்கமிருந்து வரும் கேள்விகளில் ஒரு மருந்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: டாமிஃப்ளூ. இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. நேற்றுக் காலையிலிருந்து காய்ச்சல் 101, 102 என்று ஏறி இறங்குகிறது. இருமலும் உடம்பு வலியும் இருக்கிறது. எங்கள் டாக்டர் பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார். எங்கள் லைன் வீட்டிலேயே இன்னொரு பிள்ளைக்கு வேறொரு டாக்டர் டாமிஃப்ளூ சிரப் கொடுத்திருக்கிறார். நாங்களும் கேட்டு வாங்கவா? நான் செக்கிங்கில் வேலை செய்கிறேன். ஷிப்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.
– வாசகி, பாண்டியன் நகர்

பதில்: இரண்டு டாக்டர்களில் ஒருவர் செய்தது தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த மருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு பயன் தருவதில்லை. அதனால்தான் முடிவும் பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது.

டாமிஃப்ளூ என்பது ரோஷ் நிறுவனம் வைத்த விற்பனைப் பெயர். மருந்தின் பெயர் ஒசல்டாமிவிர். அமெரிக்காவில் 1999இல் அனுமதி பெற்றது. நம் நாட்டுக் கம்பெனிகள் ஃப்ளூவிர், ஆன்டிஃப்ளூ என்ற பெயர்களில் செய்கின்றன. தைத்து முடித்த பீஸ், நூலை வெட்டினால்தான் மெஷினை விட்டு வெளியே வரும். ஃப்ளூ கிருமியும் அப்படித்தான்: ஒரு செல்லுக்குள் பெருகியபின், தன்னைப் பிடித்திருக்கும் இணைப்பை ஒரு நொதியால் வெட்டிக்கொண்டுதான் அடுத்த செல்லுக்குப் போகிறது. ஒசல்டாமிவிர் அந்த நொதியை முடக்கிவிடும். ஆக, ஏற்கெனவே பரவிவிட்ட கிருமியை இது கொல்வதில்லை. இனிப் பரவப்போவதைத் தடுக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். சாதாரணச் சளி, டெங்கு, டைஃபாய்டு எதிலும் இது வேலை செய்யாது.

பயன் எவ்வளவு? பிள்ளைகளிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் சுமார் 18 மணி நேரம் முன்னதாகத் தீர்ந்தது என்றது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடம் நடந்த சோதனைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அது 30 மணி நேரம். காதில் சீழ் பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வாந்தி அதிகமானது. 2014இல் காக்ரேன் ஆய்வுக் குழு வெளியிட்ட தொகுப்பும் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு 29 மணி நேரம் என்றே கணக்குச் சொன்னது. நம்மைப் போன்ற வாழ்க்கைச் சூழலில் நடந்த சோதனை ஒன்றும் உண்டு. வங்கதேசத் தலைநகர் டாக்காவில், நெருக்கமான கமலாபூர் குடியிருப்புப் பகுதியில் நடந்தது அது. 2014இல் வெளியான அதன் முடிவுப்படி, மருந்து எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் மூன்று நாளிலும், எடுக்காதவர்களுக்கு நான்கு நாளிலும் அடங்கின.

எப்படிப் பார்த்தாலும் மிச்சமாவது ஏறத்தாழ ஒரு நாள். நோயெதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் ஆறு வயதுப் பிள்ளை மருந்து இல்லாமலேயே ஐந்தாறு நாளில் எழுந்து விளையாடப் போய்விடும்.

மத்திய அரசின் வழிகாட்டுதல் ஃப்ளூ நோயாளிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தால் ‘ஏ’ வகை: பரிசோதனையும் வேண்டாம், ஒசல்டாமிவிரும் வேண்டாம், வீட்டில் ஓய்வு, ஓரிரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தாலோ, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய், சர்க்கரை, ரத்த நோய், நரம்பு நோய் போன்றவை ஏற்கெனவே இருந்தாலோ ‘பி’ வகை: பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து தரலாம். மூச்சுத்திணறல், அசதி மயக்கம், வலிப்பு போன்றவை இருந்தால் ‘சி’ வகை: உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். உங்கள் மகன் ‘ஏ’க்கும் ‘பி’க்கும் இடையில் நிற்கிறான். அந்த இடத்தில் டாக்டரின் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இளைப்பு இருந்திருக்கலாம். அந்த வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்திருக்கலாம்.

ஒரு சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்கிய நேரத்தில் பையனைக் கவனியுங்கள். எழுந்து உட்கார்ந்து, இரண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்டு, டிவி போடச் சொல்லிக் கேட்டால் பயமில்லை. காய்ச்சல் இறங்கிய பிறகும் துவண்டு கிடந்தால் அன்றே மறுபடி டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

மழைக்காலம் என்பதால் டெங்குவையும் மறக்கக் கூடாது. டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கும் தெருக்களில் இரண்டு காய்ச்சலும் ஒரே சமயத்தில் சுற்றும். இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் நெருப்பாக அடித்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டுமே கொடுக்க வேண்டும், ஐபுபுரூஃபன் வேண்டாம். ஃப்ளூ வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் எப்போதும் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு அது வழிவிடும்.

சம்பளக் கணக்கையும் பார்த்துவிடலாம். மருந்து கொடுத்தாலும் மறுநாளே பள்ளிக்கு அனுப்ப முடியாது. பாராசிட்டமால் இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் அனுப்பலாம். ஷிப்டை மனதில் வைத்து இந்த மருந்தைக் கேட்டு வாங்கினால், பிள்ளைக்கு வாந்தியும் உங்களுக்கு ஏமாற்றமும்தான் மிஞ்சக்கூடும்.

கேள்வி: மூத்தவளுக்கு ஃப்ளூ என்று டெஸ்டில் வந்தது. இரண்டு நாள் கழித்து 14 மாதக் குழந்தைக்கும் காய்ச்சல். டாக்டர் டெஸ்ட் எடுக்காமலே ஒசல்டாமிவிர் சிரப் கொடுத்துவிட்டார். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அது தேவையா?
– வாசகர், பல்லடம்

பதில்: தேவை. அந்த டாக்டர் செய்தது சரியான காரியம். ஆறு வயதுப் பையனுக்குச் சொன்ன பதிலை இந்தக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது.

ஃப்ளூ நிமோனியாவாக மாறும் ஆபத்து இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே மிக அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை, அதிலும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை, தாமதமின்றி மருந்து தர வேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறது. பிறந்து இரண்டு வாரமான குழந்தைக்கே இதைக் கொடுக்கலாம் என்று அந்நாட்டில் 2012 இறுதியில் அனுமதி கிடைத்தது.

பரிசோதனை எடுக்காததும் குறையில்லை. கால்மணி நேரத்தில் முடிவு சொல்லும் மூக்குச் சளி டெஸ்ட் பல சமயம் இருக்கும் ஃப்ளூவையே இல்லை என்று சொல்லிவிடும். பிசிஆர் முடிவு வர ஒரு நாள் ஆகும். மூத்த பிள்ளைக்கு ஃப்ளூ உறுதியான வீட்டில் அந்த ஒரு நாளை வீணாக்கக் கூடாது.

இந்தத் தாமதத்துக்கு 2009இல் நாடு கொடுத்த விலை பெரிது. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று பன்றிக்காய்ச்சலை உலகக் கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி புனேயில் 14 வயது மாணவி இறந்தார். இந்தியாவின் முதல் பன்றிக்காய்ச்சல் மரணம் அது. நோய் இன்னதென்று தெரிய வந்தபோது நாட்கள் கடந்திருந்தன. அடுத்த சில நாட்களில் சென்னையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனும் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றிய பிள்ளைகளுக்கு மருந்தின் பயன் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் 36 குழந்தைகள் மருத்துவமனைகளில் 2007 முதல் 2020 வரை சேர்க்கப்பட்ட 55,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. உடனே மருந்து தொடங்கிய பிள்ளைகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். தீவிர சிகிச்சையும் மரணமும் அவர்களிடையே குறைவு. நோய் முற்றிய பிள்ளைக்கு 48 மணி நேரம் கடந்துவிட்டாலும் மருந்து உண்டு. ‘நாள் போயிடுச்சு, இனி எதுக்கு’ என்று விட்டுவிடக் கூடாது.

சிரப்பைக் கொடுத்துக்கொண்டே குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள். சட்டையைத் தூக்கி, குழந்தை அழாமல் இருக்கும்போது வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50க்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40க்கு மேலும் போனால் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுதல், உதடு நீலம் பாய்தல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம், வலிப்பு, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இறங்கிய காய்ச்சல் ஓரிரு நாள் கழித்து மறுபடி உயர்தல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவா பகலா என்று பார்க்காமல் கிளம்புங்கள். 108க்கு அழைத்தால் வண்டி வரும். திருப்பூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது.

கேள்வி: போன வருஷம் வாங்கிய சிரப் பாதி மிச்சம் இருக்கிறது. அதையே இந்த முறை கொடுக்கலாமா? மெடிக்கலில் கேட்டால் சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்கிறார்கள்.
– வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: அந்தப் பாட்டிலை இன்றே கொட்டிவிடுங்கள். இந்தச் சிரப் பொடியாகத்தான் வரும். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கரைத்த பிறகு அதன் ஆயுள் சில நாட்களே, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள்.

மெடிக்கல்காரர் மறுத்ததும் முறைதான். 2009இல் இந்த மருந்து, தேர்ந்தெடுத்த கடைகள் மட்டுமே விற்கக்கூடிய ‘எக்ஸ்’ அட்டவணையில் இருந்தது. 2017இல்தான் ‘எச்1’ அட்டவணைக்கு மாற்றினார்கள். இப்போது மருந்துக்கடைகளில் கிடைக்கும். ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கண்டபடி விற்றால் மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும் என்பதால் வந்த கட்டுப்பாடு இது. 2007 முதல் 2009 வரை உலகில் பரவிய பழைய எச்1என்1 வகை ஒசல்டாமிவிருக்கு அடங்காமல் போனதை மருத்துவ உலகம் கண்டிருக்கிறது.

அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. ஒரு வயதுக்கு மேல், 15 கிலோவரை ஒரு வேளைக்கு 30 மில்லிகிராம், 23 கிலோவரை 45, 40 கிலோவரை 60, அதற்கு மேல் 75; காலை, இரவு என்று ஐந்து நாள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கணக்கு தனி. அதை டாக்டரே போட வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சீட்டில் மில்லிகிராம் இருக்கும், கையில் இருக்கும் சிரிஞ்சில் மில்லிலிட்டர் இருக்கும். ஒரு மில்லியில் 12 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 6 உள்ளதும் உண்டு. ஆகவே கடையிலேயே ‘எத்தனை மில்லி?’ என்று கேட்டு, சிரிஞ்சில் அந்தக் கோட்டைப் பேனாவால் குறித்து வாங்குங்கள். வீட்டு ஸ்பூனால் அளக்க வேண்டாம். சிரப் கிடைக்காவிட்டால் டாக்டர் சொல்லும் கேப்சூலைப் பிரித்து, கெட்டியான சர்க்கரைப் பாகில் கலந்து கொடுக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் வாந்தி குறையும். காய்ச்சல் நின்றுவிட்டது என்று இரண்டாம் நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: இந்த மருந்து சாப்பிட்டால் பிள்ளைகளுக்குப் புத்தி தடுமாறும், மாடியிலிருந்து குதிப்பார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– வாசகர், அவிநாசி

பதில்: பயத்தின் வேர் ஜப்பானில் இருக்கிறது. ஃப்ளூவுக்கு மருந்து எடுத்த சில பதின்வயதினர் பித்துப்பிடித்ததுபோல் நடந்துகொண்டதும், உயரத்திலிருந்து விழுந்ததும் அங்கே பதிவாயின. 2007 மார்ச்சில் 10 முதல் 19 வயது வரையானவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று ஜப்பான் சுகாதாரத் துறை சொன்னது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தபின், மருந்து சாப்பிடாத ஃப்ளூ நோயாளிகளிடமும் அதே தடுமாற்றம் இருப்பது தெரிந்தது. 2018இல் தடையை நீக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பிள்ளைகளிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, ஃப்ளூவின்போது ஒசல்டாமிவிர் எடுத்தவர்களிடம் கடுமையான நரம்பு, மனப் பாதிப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் கண்டது. தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் நோய்தான்.

இருந்தாலும் கடும் காய்ச்சலில் பிள்ளை பிதற்றக்கூடும். முதல் இரண்டு நாள் இரவில் தனியே படுக்க வைக்க வேண்டாம். மொட்டை மாடிக் கதவைத் தாழிட்டு வையுங்கள். அடிக்கடி காணும் பக்கவிளைவு வாந்திதான்.

கேள்வி: டாமிஃப்ளூவை அன்னாசிப்பூவிலிருந்துதான் எடுக்கிறார்களாமே. அப்படியானால் அன்னாசிப்பூ கஷாயமே போதாதா?
– வாசகி, பெருமாநல்லூர்

பதில்: பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவில் உள்ள ஷிகிமிக் அமிலம் இந்த மருந்துக்கு மூலப்பொருள் என்பது உண்மை. ஆனால் அந்த அமிலம் பல கட்ட வேதிமாற்றங்களுக்குப் பிறகே ஒசல்டாமிவிர் ஆகிறது. அமிலத்துக்கு அதன் நிலையில் ஃப்ளூவைத் தடுக்கும் குணம் இல்லை. கைக்குழந்தைக்கு இந்தக் கஷாயம் ஆபத்தும்கூட. அன்னாசிப்பூ போலவே இருக்கும் நச்சு வகை ஒன்று கலந்துவிடுவதால் குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. 2003இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. பெரிய பிள்ளைக்குச் சுக்கு, மிளகு கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். மூச்சு வேகமாகும் பிள்ளையை வைத்துக்கொண்டு கஷாயம் காய்ச்சி நேரம் போக்கக் கூடாது.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மழைக்காலத்தில் லைனில் பாதிப் பெண்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கிறார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் என்ன செய்வது? எல்லாப் பிள்ளைக்கும் தடுப்பூசி போட்டுவிட்டால் தீருமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தடுப்பூசி பாதிச் சுமையைக் குறைக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். ஒன்பது வயதுக்குள் முதல் முறை போடும் பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. பலன் பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்பதால் நம் ஊரில் புரட்டாசிக்குள் போட்டுவிடுவது நல்லது. ஆனால் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். இரண்டு பிள்ளைகள் உள்ள டெய்லருக்கு அது சிறு தொகை அல்ல. தொழிலாளர் பிள்ளைகளுக்கு மழைக்கு முன்பே கம்பெனிகள் செலவை ஏற்று முகாம் நடத்தலாம்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு; குடும்பத்துக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும். ஆனால் இஎஸ்ஐ தரும் நோய்க்காலப் பணம் தொழிலாளி தானே படுத்தால்தான். பிள்ளை படுத்துத் தாய் வீட்டில் இருந்தால் அது கிடைக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களுக்குப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் பக்கத்தில் இல்லை. காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கோ காப்பகத்துக்கோ விட்டுவிட்டு வேலைக்கு வரும் தாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. அந்தப் பிள்ளையிடமிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து பத்து வீட்டுக்கும், அங்கிருந்து உங்கள் லைனுக்குமே காய்ச்சல் வந்து சேரும். ஒரு தாய்க்கு மூன்று நாள் லீவு கொடுக்காத லைனில் அடுத்த வாரம் ஐந்து மெஷின் காலியாக நிற்கும்.

எனவே சூப்பர்வைசர்களுக்கும் முதலாளிகளுக்கும் இந்தப் பக்கத்தின் வேண்டுகோள்: அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது, டாக்டர் சீட்டு கொண்டுவரும் தாய்க்கோ தகப்பனுக்கோ மூன்று நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். பெற்றோருக்கு: கைக்குழந்தையோ, இளைப்போ வேறு நாள்பட்ட நோயோ உள்ள பிள்ளையோ காய்ச்சலில் விழுந்தால் இரண்டாம் நாள் முடிவதற்குள் டாக்டரிடம் காட்டி, ‘ஃப்ளூ மருந்து தேவைப்படுமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அவர் வேண்டாம் என்றால் நம்பி, பாராசிட்டமாலும் தண்ணீரும் ஓய்வும் கொடுத்து மூச்சைக் கவனித்திருங்கள்.